தலையீத்து

குஞ்சுகளைக் குழியில் விடும் வேலைக்குச் சங்கவி வேறு யாரையும் அனுப்புவதில்லை. பொரிப்பகத்தின் தலைமை விஞ்ஞானி பார்க்க வேண்டிய வேலை அல்ல அது. வால்வைத் திருகினால் தொட்டித் தண்ணீரோடு சேர்ந்து இலட்சக்கணக்கான கொடுவா மீன் குஞ்சுகள் பின்பக்கத்துச் சுண்ணாம்புக் குழிக்குப் போய்ச் சேரும். அதற்கு முனைவர் பட்டம் ஒன்றும் தேவையில்லை. ஆனாலும் இந்த வழக்கத்தை ஆரம்பித்து வைத்தவள் தான்தான், கை கூச வேண்டுமென்றால் தன் கைதான் கூச வேண்டும் என்று அவளுக்கு ஒரு பிடிவாதம்.

அன்று காலையும் வால்வில் கையை வைத்துக்கொண்டு தொட்டியைப் பார்த்தபடி நின்றாள். பொரிந்து சில நாளே ஆன குஞ்சுகள். உடம்பு இன்னும் கண்ணாடிதான். உள்ளே துடிப்பதுகூடத் தெரியும். சுறுசுறுப்பாக இரை தேடிக்கொண்டிருந்தன. பார்த்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். நோய் என்று ஒன்று எட்டிப் பார்க்கும்வரை இவற்றுக்கு ஒன்றும் ஆகாது. எட்டிப் பார்த்த மறுநாள் தொட்டி முழுக்க வெள்ளையாக மிதக்கும். தடுப்பு மருந்துத் தண்ணீரில் எத்தனை முறை முக்கி எடுத்தாலும் பிரயோஜனம் இல்லை. வந்த நோயை அடையாளம் கண்டு ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டிய செல்கள், இந்தக் குஞ்சுகளின் உடம்பில் அந்தப் பாடத்தைப் படிக்காமலே வளர்ந்துவிடுகின்றன.

காரணம், தாய். அதாவது, தாய் வளர்ந்த தண்ணீர். வெள்ளாங்கழிக்கு மேற்கே ஒரு காலத்தில் தொழிற்பேட்டை இருந்தது. தோசை ஒட்டாத கல்லுக்கும், மழை ஒட்டாத துணிக்கும், எண்ணெய் ஒட்டாத காகிதத்துக்கும் அங்கே பூச்சு செய்தார்கள். கம்பெனிகள் எல்லாம் பூட்டிக்கொண்டு போய்விட்டன. பூச்சுக்குப் போட்ட மருந்து மட்டும் போகவில்லை. வெயிலில் காயாது, மண்ணில் மக்காது, காய்ச்சினாலும் போகாது. ஊரில் அதற்கு ஒட்டாமருந்து என்று பேர். எதிலும் ஒட்டக்கூடாது என்று செய்த சாமான், உயிருள்ள எல்லாவற்றின் இரத்தத்திலும் நன்றாக ஒட்டிக்கொண்டது.

கழிமுகத்தில் வளர்ந்த கொடுவா தாயாகும்போது, வருடக்கணக்காக உடம்பில் சேர்ந்த மருந்தை முட்டையின் மஞ்சளில் இறக்கிவிடுகிறது. பெரும்பகுதி முதல் ஈத்திலேயே இறங்கிவிடும். அடுத்த ஈத்துக் குஞ்சுகள் திடமாக இருக்கும். இதைக் கண்டுபிடித்தவள் சங்கவி. தாய்மீனை ஒருமுறை முட்டையிட வைத்து, அந்தக் குஞ்சுகளைத் தள்ளிவிட்டு, இரண்டாம் ஈத்திலிருந்து விற்பனைக்கு எடுக்கும் முறையைக் கொண்டுவந்ததும் அவள்தான். மூடிக் கிடந்த பொரிப்பகங்கள் அதனால்தான் மறுபடி திறந்தன. மாடு வளர்த்துப் பழகிய வேலையாட்கள் முதல் ஈத்தைத் தலையீத்து என்றார்கள். தள்ளிவிடும் குஞ்சுகளுக்குக் கழிப்பு என்று பேர் வைத்தார்கள். திருஷ்டி கழித்த பூசணிக்காயை முச்சந்தியில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருகிறார்களே, அந்தக் கழிப்பு. வார்த்தை அவ்வளவு பொருத்தமாக இருந்ததால் சங்கவி அதை ஒரு பேட்டியில் சொல்லித் தொலைத்தாள்.

"தாய் தன் பாரத்தையெல்லாம் தலையீத்தின் மேல் கழித்துவிட்டுத்தான் மற்றதைக் காப்பாற்றுகிறாள்" என்றாள். மீனைத்தான் சொன்னாள். ஊர் மீனோடு நிறுத்துமா?

மனிதப் பெண்ணின் உடம்பிலிருந்தும் தலைப்பிள்ளைக்கு மருந்து இறங்குகிறது என்று யாரோ ஓர் ஆராய்ச்சியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அது உண்மையும்கூட. அதற்குமேல் யாரும் எதையும் கேட்கவில்லை. இன்சூரன்ஸ்காரர்கள் தலைச்சனுக்குத் தனிக் கட்டணம் போட்டார்கள். பள்ளிக்கூடங்கள் காய்ச்சல் காலத்தில் தலைச்சன்களை வீட்டோடு இருக்கச் சொல்லின. பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகத்துக்கு முன்னால் 'எத்தனையாவது?' என்று கேட்டார்கள். தெருவில் பிள்ளைகள் சண்டை போட்டால் 'போடா கழிப்பு' என்பதுதான் கடைசி வசவு. சங்கவிக்கு இரண்டு பிள்ளைகள். அந்த வசவை வாங்கிக்கொண்டு பள்ளியிலிருந்து அழுதபடி வந்தவள் மூத்தவள், இதழினி.

அந்த இதழினியே இப்போது தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். நர்ஸ் உடுப்புகூட மாற்றவில்லை.

"போட்டாங்கம்மா வார்டு லிஸ்ட்டு. என் பேரு இல்ல."

சங்கவி வால்விலிருந்து கையை எடுத்தாள்.

"காய்ச்சல் வார்டுக்கு ஆள் பத்தாம ரிட்டையர் ஆனவங்களக்கூட வீடு தேடிப் போய்க் கூப்புடறாங்க. எங்க செட்டுலயே நான்தான் ஃபர்ஸ்ட்டு. என்னைக் கொண்டுபோய் துணி மடிக்கிற ரூம்ல போட்டிருக்காங்க. தலைச்சனாம். காய்ச்சல் புடிச்சா தாங்க மாட்டேனாம்." சொல்லிக்கொண்டே வரும்போது அவளுக்குக் குரல் உடைந்தது. "ஒரு பெட்டுல ரெண்டு பேரு படுத்திருக்காங்கம்மா. தண்ணி குடுக்க ஆளில்ல. செவுத்துக்கு இந்தப் பக்கம் நான் தலையணை உறை மடிச்சிக்கிட்டிருக்கேன்."

கரைக்காய்ச்சல் என்று ஊர் பேர் வைத்த அந்தக் காய்ச்சல் அந்த வருடம் மழைக்கு முன்பே வந்துவிட்டது. தடுப்பூசி எல்லோரும் போட்டிருந்தார்கள். சிலருக்கு ஊசி பலித்தது, பலருக்குப் பலிக்கவில்லை.

"மேட்ரன் என்ன சொன்னாங்க?"

"ஈத்து ஆபீஸ்ல தாய் வாக்கு குடுத்துட்டு வந்தா நாளைக்கே சேத்துக்கறேன்னாங்க."

பிறப்பு வரிசை வாரியம் என்பதுதான் அரசாங்கப் பேர். ஊர்வாயில் அது ஈத்து ஆபீஸ். பெரிய வெள்ளத்தில் ஆஸ்பத்திரிப் பதிவுகள் எல்லாம் போய்விட்டதால், ஒருவர் தலைச்சனா இல்லையா என்பதற்குத் தாய் நேரில் வந்து சொல்லும் வாக்குதான் சாட்சி. 'இதற்கு முன்னால் ஒன்று பிறந்து தவறிவிட்டது' என்று தாய் சொல்லிவிட்டால் போதும். உயிரோடு இருக்கும் பிள்ளை இரண்டாவது ஈத்தாகிவிடும். விளைவு என்னவென்றால், வெள்ளாங்கழியில் இப்போது மூத்தது தவறாத வீடே கிடையாது.

"எல்லாரும்தான் சொல்றாங்க," என்றாள் இதழினி. "ஷகிலா அக்கா, உங்கம்மாவும் சொன்னாங்கல்ல?"

பரிசோதனைக்கூடத்து ஷகிலா வாளியோடு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். நின்று சிரித்தாள். "எங்கம்மாவா? ஒண்ணு பத்துமோ பத்தாதோன்னு ரெட்டைப் புள்ளையா சொல்லிட்டு வந்துட்டாங்க. நல்லவேளை, மூணுன்னு சொல்லல."

இதழினி சிரிக்கவில்லை. அம்மாவையே பார்த்தாள்.

"நீ பொய் சொல்ல மாட்ட. எனக்குத் தெரியும். எங்க சின்ன வயசுல கரண்ட் பில்லு கேட்டு வந்தவன்கிட்ட அப்பா வீட்ல இல்லன்னு சொல்லச் சொன்னப்பகூட, உள்ளதான் இருக்காருன்னு சொன்னவ நீ. இந்த ஒரு தடவ எனக்காகச் சொல்லும்மா. மீனுக்கெல்லாம் வழி கண்டுபுடிச்ச. எனக்கு இந்த வழி மட்டும் விட்டுக் குடு."

"பாக்கறேன் கண்ணு. போய் டிரெஸ்ஸ மாத்து."

"பாக்கறேன்னா, மாட்டேன்னு அர்த்தம்," என்று சொல்லிவிட்டு இதழினி போனாள். சங்கவி அவள் கேட்டைத் தாண்டும்வரை நின்றுவிட்டு வால்வைத் திருகினாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது இளஞ்செழியன் வாசலில் உட்கார்ந்து ஒரு படகு பேட்டரியைப் பிரித்துப் போட்டிருந்தான். ஊர்ப் படகுகள் எல்லாம் பேட்டரிக்கு மாறியபிறகு அவனுக்கு ஓயாத வேலை. பேட்டரியைவிட மனைவியின் முகத்தை அவனுக்கு நன்றாகப் படிக்கத் தெரியும்.

"இதழி சொன்னா," என்றான். "போய்ச் சொல்லிட்டு வந்துடேன்."

"எதை?"

"நாம பொய் சொல்ல வேண்டியதில்லயே சங்கவி."

இத்தனை வருடத்தில் அவன் அந்தப் பேச்சை எடுத்தது அதுதான் முதல்முறை. இதழினி பிறப்பதற்கு நான்கு வருடம் முன்பு சங்கவிக்கு ஒரு பையன் பிறந்தான். ஒன்பது நாள் இருந்தான். காய்ச்சல் வந்தது, பால் குடிப்பதை நிறுத்தினான், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இரத்தத்தில் கிருமி என்றார்கள். திரும்பி வரும்போது வெறுங்கையோடு வந்தார்கள். பிள்ளைகளிடம் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று இருவரும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்ததும் இல்லை. ஒருத்தர் வாயைத் திறந்தால் மற்றவர் தாங்க மாட்டார் என்று ஒருவருக்கொருவர் பயந்துகொண்டே காலம் ஓடிவிட்டது.

சங்கவி செருப்பைக் கழற்றாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அங்க என்ன சொல்லச் சொல்லுவாங்க தெரியுமா? எறந்துட்டான்னு இல்ல. கழிந்ததுன்னு சொல்லணும். என் ஒடம்புல இருந்த விஷத்தையெல்லாம் அவன் தலையில எறக்கிட்டு, நான் சுத்தமாயிட்டேன்னு சொல்லணும். அதத்தான் சொல்லச் சொல்றீங்களா?"

"நான் அப்படிச் சொல்லல."

"வேற எப்படிச் சொன்னாலும் அதான் அர்த்தம்."

அவன் கையிலிருந்த துணியால் பேட்டரி முனையைத் துடைத்தான். ஏற்கெனவே சுத்தமாக இருந்த முனைதான். "அவன் போயாச்சு," என்றான் மெதுவாக. "இவ இருக்கா. துணி மடிச்சிக்கிட்டு இருக்கா."

"வார்டுக்குப் போய் இவளுக்கும் வந்துடுச்சுன்னா? அவ நெசமாவே தாங்காத ஒடம்பா இருந்தா? என் வாயால அனுப்பிட்டு நான் எங்க போய் முட்டிக்கறது?"

"அதுக்கு எனக்குப் பதில் தெரியாது. ஒனக்குத்தான் தெரியும். மீனுக்குப் பாக்கறியே, அது மாதிரி பாக்க முடியாதா?"

முடியும். அதைப் பதினைந்து வருடமாக அவள் செய்யாமல் இருந்தாள் என்பதுதான் விஷயம். ஆயிரம் மீனின் இரத்தத்தைப் பார்த்தவளுக்குத் தன் பிள்ளையின் இரத்தத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. மகள் கழிப்பாகவே இருந்துவிட்டால் அதைத் தெரிந்துகொண்டு என்ன செய்வது? தெரியாமல் இருந்தால் குறைந்தபட்சம் தூங்கலாம். தூங்கினாளா என்று கேட்டால், அதுவும் இல்லை.

ஷகிலா மனித இரத்தத்துக்கான சோதனைப் பொருள்களைச் சென்னையிலிருந்து வரவழைத்தாள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் இருவரையும் பொரிப்பகத்துக்கு வரச் சொன்னார்கள். காற்றாலையில் வேலை பார்க்கும் இளையவன் முகிலன், ஊசியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நான் ரெண்டாவது ஈத்தும்மா, கல்லு மாதிரி இருப்பேன், என்னை எதுக்குக் குத்தற?" என்றான். இதழினி அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். போட்ட தடுப்பூசியை அவர்கள் இரத்தம் எந்த அளவுக்கு ஞாபகம் வைத்திருக்கிறது என்று பார்ப்பதுதான் சோதனை. குஞ்சுகளுக்குச் செய்கிற அதே சோதனைதான். குழி மட்டும் கிடையாது.

மறுநாள் மத்தியானம் இயந்திரம் விடையைத் துப்பியது. சங்கவி ஒருமுறை பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"என்ன மேடம், இதழிக்கு மோசமா?" ஷகிலா தயங்கித் தயங்கி வந்தாள்.

"இல்ல. ரெண்டும் ஒண்ணா இருக்கு."

"ஒண்ணாவா?"

"அவளுக்கும் சுமார்தான், இவனுக்கும் சுமார்தான். கோடு மேல கோடு விழுது பாரு."

"நான் என்னோடதையும் எங்க தம்பியோடதையும் சேத்துப் போட்டிருந்தேன் மேடம். கோச்சுக்காதீங்க. எங்களுதும் அதே எடத்துலதான் நிக்குது." ஷகிலா திரையில் விரலை வைத்துக் காட்டினாள். "அப்ப தலையீத்து, ரெண்டாவது ஈத்துன்றதெல்லாம்?"

"மீனுக்குச் சரி." சங்கவி நாற்காலியில் சாய்ந்தாள். "தாய்மீன் தலையீத்து போட்டதும் நாம என்ன பண்றோம்?"

"கரித்தொட்டிக்கு மாத்துவோம். வடிகட்டின தண்ணி."

"அங்கயே வெச்சிருக்கறதாலதான் அது மறுபடி மருந்து ஏறாம ரெண்டாவது ஈத்த நல்லாப் போடுது. திரும்ப ஆத்துல விட்டிருந்தா? ரெண்டு வருஷத்துல பழையபடி ஏறிடும். அடுத்த ஈத்தும் கழிப்புதான், அதுக்கடுத்ததும் கழிப்புதான். உங்கம்மாவ யாரு கரித்தொட்டிக்கு மாத்துனா? என்ன யாரு மாத்துனா? புள்ளயப் பெத்துட்டு வந்து அதே கொழாயத்தான தொறந்தோம்."

ஷகிலா திரையில் இருந்த கோடுகளை மறுபடி பார்த்தாள். பிறகு, "இத நீங்க முன்னாடியே சொன்னீங்கல்ல மேடம்?" என்றாள்.

"சொன்னேன். டிவியில கூப்பிட்டு வெச்சுக் கேட்டாங்க. தொட்டியப் பத்தி, தண்ணியப் பத்தி எல்லாம் சொன்னேன். சொல்லி முடிக்கறதுக்குள்ள, அப்ப தலைச்சனுக்கு ஆபத்துன்னு ஒத்துக்கறீங்கன்னு சொல்லி விளம்பரம் போட்டுட்டான்."

அதற்குப் பிறகு அவள் பத்து இடத்தில் எழுதினாள், இருபது கூட்டத்தில் பேசினாள். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். தண்ணீரைச் சரிசெய்ய வேண்டும் என்றால் ஊரையே புரட்டிப் போட வேண்டும். பிள்ளைகளை மூத்தது, இளையது என்று பிரித்து நிறுத்துவதற்கு ஒரு காசு செலவில்லை. எது நடக்கும் என்று சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும். கடைசியில் சங்கவி பேசுவதை விட்டுவிட்டாள். விட்டுவிட்டாள் என்பதைவிட, தொண்டை வற்றிப்போயிற்று என்று சொல்லலாம்.

ஆனால் இன்றைக்கு ஒரு விஷயம் தெரிந்துவிட்டது. இதழினி மற்றவர்களைவிடக் குறைந்தவள் இல்லை. வார்டில் வேலை செய்யும் யாருக்கு என்ன ஆபத்தோ, அதேதான் அவளுக்கும். அது சந்தோஷப்பட வேண்டிய செய்தியா, வருத்தப்பட வேண்டிய செய்தியா என்று சங்கவிக்கு விளங்கவில்லை. இந்த விடையைக் கொண்டுபோய்க் காட்டினால் போதும், வாக்கு எதுவும் கொடுக்க வேண்டியதில்லை என்று மட்டும் நினைத்தாள். அந்த நினைப்பில் மனது கொஞ்சம் இலேசாயிற்று.

ஈத்து ஆபீஸ் பழைய தாலுகா கட்டடத்தில் இருந்தது. வரிசையில் தாய்மார்கள் நின்றார்கள். எல்லோரும் உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்க்கிறார்கள். பிள்ளைகளுக்கு உள்ளே அனுமதி இல்லை. இதழினி எதிர்ப்பக்கம் வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தாள். இரத்தச் சோதனையின் விடையை அவள் அறிவாள். ஆனால் அதை வைத்து என்ன பிரயோஜனம் என்று அவளுக்குச் சந்தேகம்தான்.

வாரியத்தின் மருத்துவ அதிகாரி அருள்விழி என்ற நடுவயதுப் பெண். கண்ணுக்குக் கீழே கருவளையம். சங்கவியைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"மேடம், நீங்களா? உங்க கொடுவா ஆராய்ச்சி எங்களுக்குப் பாடமா இருந்துச்சு. உக்காருங்க."

சங்கவி சோதனை முடிவுத் தாள்களை மேசையில் வைத்தாள். "இதப் பாருங்க டாக்டர். எம் பொண்ணு, எம் பையன், இன்னும் ரெண்டு பேரு. வரிசைக்கும் ரத்தத்துக்கும் சம்பந்தமே இல்ல. நீங்க எங்க வேணா அனுப்பி மறுபடி பாத்துக்கலாம். இத வெச்சு அவள வார்டுல சேத்துக்கச் சொல்லுங்க."

அருள்விழி நிதானமாகப் படித்தாள். படித்து முடித்ததும் தாள்களை ஒழுங்காக அடுக்கி, சங்கவி பக்கமே நகர்த்தி வைத்தாள்.

"நீங்க சொல்றது சரிதான் மேடம். எங்களுக்கும் தெரியும்."

"தெரியுமா?"

"நர்சுங்க, வார்டுபாய்ங்க எல்லாருக்கும் எடுத்துப் பாத்தோம். தலைச்சன், நடுவுல பொறந்தது, கடைக்குட்டி, எல்லாம் ஒரே மாதிரிதான். ரத்தத்தப் பாத்துதான் வார்டுக்கு அனுப்பணும்னா ஒருத்தரையும் அனுப்ப முடியாது. வார்ட இழுத்துப் பூட்டிட்டு நாம எல்லாரும் வீட்டுக்குப் போகணும். அதனால ரத்தம் இங்க செல்லாது. வாக்குதான் செல்லும்."

"தெரிஞ்சுக்கிட்டே எப்படி இந்த வாரியத்த நடத்தறீங்க?"

அருள்விழி கோபப்படவில்லை. கோபப்பட அவளிடம் தெம்பு இருந்ததாகத் தெரியவில்லை. "ஊர்ல பாதிப் பேரத் தள்ளி நிறுத்துனாதான் மீதிப் பாதி, நமக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நம்பி வேலைக்கு வருது மேடம். அந்த நம்பிக்கையும் போச்சுன்னா நோயாளிக்குத் தண்ணி குடுக்கக்கூட ஆள் இருக்காது. என்னால முடிஞ்சது ஒண்ணுதான். வர்ற தாய் என்ன சொன்னாலும் கேள்வி கேக்காம வாங்கிக்கறேன். யாரையும் திருப்பி அனுப்புனதில்ல. நீங்களும் சொல்லிட்டுப் போயிடுங்க. வெளிய கூட்டம் நிக்குது."

மேசை ஓரத்தில் வாக்குப்பெட்டி இருந்தது. தாயின் குரலைக் கேட்டுப் பதிவு செய்யும் இயந்திரம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எழுத்தர், தூக்கம் கலையாத குரலில், சொல்ல வேண்டிய வாசகத்தைச் சொல்லிக் கொடுத்தார். "எனக்கு இன்னாருக்கு முன் பிறந்த முதல் மகவு கழிந்தது. பொண்ணு பேரச் சேத்துக்கங்கம்மா. செவப்பு லைட்டு பச்சையானா முடிஞ்சது."

சங்கவி பெட்டியைப் பார்த்தாள். தாள்களை மடித்துப் பையில் வைத்தாள். எழுந்து போய்விடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. போனால் இதழினி நாளைக்கும் தலையணை உறை மடிப்பாள். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ தண்ணீர் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

"இதழினிக்கு முன்னாடி எனக்கு ஒரு பையன் பொறந்தான்," என்றாள். "ஒம்பது நாள் இருந்தான். எறந்துட்டான்."

விளக்கு சிவப்பாகவே இருந்தது.

"அதெல்லாம் வேணாம்மா," என்றார் எழுத்தர். "கழிந்ததுன்னு வரணும். அந்த வார்த்தை வந்தாதான் பொட்டி எடுத்துக்கும்."

"எறந்துட்டான்னு சொன்னா எடுத்துக்காதா?"

"அந்த வார்த்தை உள்ள இல்லம்மா."

அருள்விழி இருமுவதுபோல் ஒரு சத்தம் செய்தாள். "அது உங்க வார்த்தைதான மேடம். நீங்க குடுத்ததத்தான் அப்படியே போட்டு வெச்சிருக்காங்க."

குத்திக்காட்டுகிற தொனி அதில் இல்லை. அதனால்தான் ஆழமாகக் குத்தியது. சங்கவிக்கு அந்த உடம்பின் சூடு இன்னும் கையில் இருந்தது. அவ்வளவு சின்ன உடம்பு அவ்வளவு சுடும் என்று அதற்கு முன் அவளுக்குத் தெரியாது. அவனை எந்த முச்சந்தியிலும் அவள் போட்டுவிட்டு வரவில்லை. திரும்பிப் பார்க்காமல் ஒரு நாளும் இருந்ததில்லை. ஒரு வார்த்தைக்காக இவ்வளவு யோசிக்கிற பெண்பிள்ளையை எழுத்தர் அதுவரை பார்த்திருக்க மாட்டார். கொட்டாவியைப் பாதியில் நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு இதழினிக்கு முன் பிறந்த முதல் மகவு," என்று சொல்லி நிறுத்தினாள். "கழிந்தது."

விளக்கு பச்சையாயிற்று. பெட்டி ஒரு சின்ன அட்டையைத் தள்ளியது.

வாசல்வரை அருள்விழி கூடவே வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நல்லாச் சொன்னீங்க மேடம்," என்றாள். "நெறைய பேரு இங்க வந்து ஓன்னு அழுது நடிப்பாங்க, பாக்கவே சங்கடமா இருக்கும். வர்றவங்க எல்லாம் ஒரு மாசம், ஒரு வருஷம்னு முழுசு முழுசா சொல்லுவாங்க. நீங்க ஒம்பது நாளுன்னீங்க பாருங்க, கேட்டா யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. நானே எம் பெரிய பொண்ணுக்கு ஆறு மாசம்னுதான் சொன்னேன்."

சங்கவி தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் படியிறங்கினாள். இந்த ஊரில் பிறக்காத பிள்ளைகள் ஏராளமாகச் செத்திருந்தார்கள். பிறந்து செத்தவனும் இப்போது அந்தக் கூட்டத்தோடு கூட்டமாகக் கலந்துவிட்டான். இனி அவளே போய்த் தேடினாலும் தனியாகப் பிரித்து எடுக்க முடியாது.

இதழினி அட்டையைத் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். ஓடி வந்து பிடுங்கி இரண்டு பக்கமும் புரட்டினாள். பிறகு நடுரோட்டில் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். ஆட்டோக்காரர் ஒருவர் ஹாரன் அடித்தும் விடவில்லை.

"ரத்தத்த ஒத்துக்கிட்டாங்களா?"

"இல்ல. வாக்குதான் குடுத்தேன்."

"நீயா? எங்கம்மாவா?" இதழினிக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. "எனக்காகவா சொன்ன? ஐயோ, நான் உள்ள இல்லாமப் போயிட்டேனே. வாய் கொழறலயா? வேர்க்கலயா? நீ ரத்தத்தக் காட்டி சண்ட போட்டுட்டு வெறுங்கையோட வருவேன்னுதான் நெனச்சேன். நாளைக்குக் காலையில டூட்டி. அப்பாகிட்ட நான்தான் சொல்லுவேன், நீ சொல்லாத."

"சரி."

"உன்னால சொல்ல முடியாதுன்னு எனக்குத் தெரியும்மா. அது உனக்கு எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும்னு தெரியும். மறக்க மாட்டேன்."

சங்கவி அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். இப்படியே விட்டுவிடலாம். மகளுக்காக அம்மா ஒரு பொய் சொன்னாள் என்று இருந்துவிட்டுப் போகட்டும். இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தவளுக்கு இன்னும் கொஞ்ச வருடம் இருக்கத் தெரியாதா என்ன? வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருந்தது.

இதழினி வண்டியைக் கிளப்பாமல், சாவியைக் கையில் சுற்றிக்கொண்டு, குறும்பாகத் திரும்பிப் பார்த்தாள்.

"சரி, எங்கண்ணனுக்கு என்ன பேரு வெச்ச?"

"வைக்கல," என்றாள் சங்கவி. "பதினோராம் நாள் வைக்கலாம்னு இருந்தோம்."

இதழினியின் சிரிப்பு உடனே நிற்கவில்லை. நிற்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.